பாட்டில் கத்தும் நேரம்

ஜூலை 8, செவ்வாய்

அதிகாலை 4.20க்கு மெஷின் கத்தியது. இரவுப் பணியில் லேபில் நான் மட்டும்தான். ரத்தப் புற்றுநோய் வார்டிலிருந்து நேற்று மாலை வந்த பிளட் கல்ச்சர் பாட்டில், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதற்கு. உள்ளே வைத்து 11 மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் கத்தினால் ரத்தத்தில் கிருமி ஏராளம் என்று பொருள்.

17 வயதுப் பையன், பண்ருட்டிப் பக்கம். கீமோ தொடங்கி 12ஆம் நாள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 80. அது 500க்குக் கீழே இறங்கினாலே எங்களுக்குப் பயம். கிராம் சாயம் போட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்பில் குச்சி குச்சியாகக் கிருமிகள். வார்டுக்கு போன் போட்டேன். டியூட்டி டாக்டர், "மெரோபெனம் மாத்திடறேன்மா, மீதியைச் சீக்கிரம் சொல்லுங்க" என்றார். வீரியமான கிருமிக்கொல்லி ஊசி அது.

தாளின் ஓரத்தில் ஒரு வரி: "காய்ச்சல் 2 நாள், வீட்டில் மாத்திரை." கீமோ போட்டவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டு ஒரு மணி நேரம் நின்றாலே கிளம்பிவிட வேண்டும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போக வேண்டும். இந்தப் பையன் இரண்டு ராத்திரி வீட்டில் படுத்திருக்கிறான்.

ஜூலை 9, புதன்

கிருமி வளர்க்கும் மெக்கான்கி தட்டில் ரோஸ் நிறத்தில், பாகு ஊற்றினாற்போல் வளர்ந்திருக்கிறது. கிளெப்சியெல்லா.

பையனின் அப்பா லேப் ஜன்னலுக்கு வந்துவிட்டார். "ரோட்டோரத்துல இளநி வாங்கிக் குடுத்தேன் தாயி, அதனாலயா?" இல்லை ஐயா என்றேன். அது அவன் குடலில் முன்பே குடியிருந்த கிருமியாகத்தான் இருக்கும். கீமோ புற்றணுவோடு சேர்த்துக் குடலின் உள்தோலையும் அரிக்கிறது. அந்த வழியாகக் கிருமி ரத்தத்துக்குள் இறங்குகிறது. தடுக்க வெள்ளணு இல்லை. புரிந்ததோ என்னவோ. இளநீர் இல்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஜூலை 10, வியாழன்

மருந்து வேலை செய்தால் தட்டில் வைத்த மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் விழும். மெரோபெனம் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி வில்லையின் ஓரம்வரை வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மரபணு சோதனையில் என்டிஎம்.

என்டிஎம் என்பது துத்தநாகத்தை வைத்து வேலை செய்யும் நொதி. மெரோபெனத்தை வெட்டிப் போட்டுவிடும். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்தை மட்டும் கொடுத்தாலும் அதனிடம் செல்லாது. ஆனால் அஸ்ட்ரியோனாம் என்ற இன்னொரு மருந்தை என்டிஎம்மால் வெட்ட முடியாது. அதை வெட்டக்கூடிய வேறு நொதிகளும் இதே கிருமியிடம் உண்டு, அவற்றை அவிபாக்டம் கட்டிப்போடும். அதனால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பழைய மருந்தான கொலிஸ்டின் இருக்கிறது, ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அதற்கு வில்லைச் சோதனையும் சரிவராது.

டாக்டர் சேர்த்தே தொடங்கிவிட்டார்.

ஜூலை 12, சனி

இன்னொரு பாட்டில் கத்தியது. 52 வயது அம்மா, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். வேறோர் இடத்தில் இரண்டு நாள் ஊசி போட்டுவிட்டு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டிய கல்ச்சரை அங்கே எடுக்கவே இல்லை. இங்கே நரம்பு கிடைக்காமல் ஒரே ஒரு பாட்டில், அதிலும் 3 மில்லி. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். ரத்தம் குறைந்தால் கிருமி அகப்படாது, இல்லையென்றால் தாமதமாக அகப்படும். இது 26 மணி நேரம் கழித்துக் கத்தியது.

போன் போட்டேன். சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவங்க காலைல நாலு மணிக்குப் போயிட்டாங்க."

ஆனாலும் தட்டில் பரப்பினேன். எந்த மருந்துக்கு மடங்குகிறது என்று பார்த்து முடிக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறார்.

ஜூலை 13, ஞாயிறு

விடுமுறை. கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) வீட்டில் அப்பாவுக்குத் தொண்டைக் கரகரப்பு. தம்பி மெடிக்கலில் அஸித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி வந்து இரண்டு போட்டுவிட்டிருந்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது என்ற சிவப்புக் கோடு அட்டையில் பளிச்சென்று இருக்கிறது, சீட்டு கேட்கவில்லையாம். அவனோடு சண்டை போட்டேன், அம்மா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பல மருந்துக்கான எதிர்ப்பு மரபணுக்கள், கிருமிக்குள் இருக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் ஒன்றிலேயே சேர்ந்து இருப்பது சாதாரணம். ஒரு மருந்தை வீணாகப் போட்டால் மொத்தக் கூட்டத்துக்கும் சோறு போட்ட மாதிரி. தம்பி கேட்டுக்கொண்டான். வியாழன் காலை பார்த்த அந்தத் தட்டைப் பற்றிச் சொன்ன பிறகுதான் கேட்டான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். கிருமாம்பாக்கம் தாண்டும்போது பஸ்ஸில் அம்மன் பாட்டு.

பையனுக்கு 12ஆம் தேதி மறுபடி எடுத்த கல்ச்சர் ஐந்து நாள் முடிந்தது. வளர்ச்சி இல்லை. இதற்கெல்லாம் யாரும் போன் செய்வதில்லை. ரிப்போர்ட் தானாகப் போகும். நான் செய்தேன். "நியூட்ரோஃபிலும் 640 வந்திருச்சு" என்றார் சிஸ்டர். "அவங்க அப்பாகிட்ட நானே சொல்றேன். ஆறாம் பெட்டுக்கு இப்பத்தான் காய்ச்சல், முதல் ஊசிக்கு முன்னாடியே எடுத்து அனுப்பியிருக்கேன், பாருங்க."

போய் வாங்கினேன். நான்கு பாட்டில். நான்கிலும் ரத்தம் கோடு வரை இருந்தது.