திங்கட்கிழமை வரைக்கும் மட்டும்

மருந்து தீர்ந்துபோன செய்தி மருந்தகத்துக்கு வாரநாள் காலையில் வந்து நான் பார்த்ததில்லை. கிளினிக் பூட்டிய பிறகு வரும். நீண்ட விடுமுறைக்கு முந்தின ராத்திரி வரும். பயணத்தில் பெட்டி தொலைந்த மறுநாள் வரும். காலி அட்டையைக் கவுன்டரில் வைத்து, “திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துடுவேன், அதுவரைக்கும் மட்டும் கொடுங்க” என்பார்கள். அதே சீட்டில் மறுபடி வாங்கும் ரீஃபில் மிச்சம் இருக்காது, டாக்டரின் போனும் எடுபடாது. அப்போது என்ன செய்வது என்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி, வயிற்றைக் கலக்கும் பகுதியும் அதுவே.

சட்டம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடவில்லை. பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டின் மனித மருந்து விதிமுறைகள்படி, நோயாளியிடம் மருந்தாளுநர் பேசி விசாரித்து, மருந்து உடனே தேவை, சீட்டு வாங்கி வரக் கால அவகாசம் இல்லை, இதே மருந்தை முன்பு ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டால் 30 நாள் வரைக்கும் கொடுக்கலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் பழைய கணக்கு 72 மணி நேரம்.

இந்த 72 மணி நேரக் கணக்கு மாத்திரையை மனதில் வைத்துப் போட்டது. 2014 ஜனவரியில் ஒஹையோ மாநிலத்தில் டைப் 1 சர்க்கரை நோய் உள்ள ஒருவர், புத்தாண்டு விடுமுறையில் சீட்டின் காலம் முடிந்துபோக, இன்சுலின் கிடைக்காமல் இறந்துபோனார். மூன்று நாள் மருந்து கொடுக்க அப்போதே அனுமதி இருந்தது. மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிடலாம், இன்சுலினை எப்படி எண்ணுவது? குப்பியோ பேனா ஊசியோ, கொடுத்தால் முழுசாகத்தான் கொடுக்க வேண்டும். அவர் குடும்பம் விடாமல் போராடியதில் 2015 கடைசியில் அங்கே அவர் பெயராலேயே ‘கெவின் சட்டம்’ கையெழுத்தானது. பிரிக்க முடியாத பேக்கை அப்படியே கொடுக்க வழி பிறந்தது. விதி எழுதியவர்கள் ஒரு தடவை மருந்தக அலமாரியைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

சரி, கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கொடுக்கணுமா என்று யார் சொல்வது? அங்கேதான் எங்கள் படிப்புக்கு வேலை. நான் முதலில் யோசிப்பது ஒன்றே ஒன்று: இந்த மருந்து இன்று ராத்திரி நின்றால் என்ன ஆகும், எவ்வளவு சீக்கிரம் ஆகும்?

மருந்துக்கு மருந்து இது மாறும். தைராய்டுக்கான லெவோதைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். இரண்டு நாள் விட்டால் ஒன்றும் குடி முழுகாது. ரத்த அழுத்தத்துக்கான குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினாலோ ஒன்றிரண்டு நாளில் அழுத்தம் முன்பு இருந்ததைவிட மேலே எகிறலாம். வலிப்பு மாத்திரை, வாரக்கணக்கில் சாப்பிட்டு வந்த ஸ்டீராய்டு, டைப் 1 நோயாளியின் இன்சுலின், இவற்றுக்கெல்லாம் ‘திங்கட்கிழமை பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலும் சத்தம் போட்டுக் கேட்பவரின் மருந்து காத்திருக்கக்கூடியதாக இருக்கும். காத்திருக்கவே கூடாத மருந்தை வைத்திருப்பவர் அதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு பெரியவர் இருமல் மருந்து வாங்க வந்தார். பில் போட்டு மீதிச் சில்லறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே, “ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை சாப்பிடறேன், அதுவும் தீர்ந்துபோச்சு. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போறப்ப எழுதி வாங்கிக்கறேன்” என்றார். எந்த மாத்திரை என்று கேட்டேன். பர்ஸுக்குள் மடித்து வைத்திருந்த அட்டைத் துண்டை எடுத்துக் காட்டினார். பாதிப் பெயர் கிழிந்திருந்தது. அபிக்ஸபான்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் பழைய மருந்தான வார்ஃபரின் என்றால் விட்ட பிறகும் அதன் வேலை சில நாள் நீடிக்கும். அபிக்ஸபான் அப்படியில்லை. உடம்பில் பாதியாகக் குறைய 12 மணி நேரம்தான். அதனால்தான் தினம் இரண்டு வேளை. நிறுத்தினால் ஒரே நாளில் காவல் போய்விடும், பக்கவாத ஆபத்து திரும்பி வரும். “ஐயா, கொஞ்சம் உட்காருங்க” என்று சொல்லிப் பழைய பதிவைத் தேடி, டோஸைச் சரிபார்த்தேன். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எங்காவது ரத்தக்கசிவு உண்டா, புதிதாக வேறு மருந்து ஏதாவது சேர்த்தார்களா என்று கேட்டேன். “இருமலுக்கு வந்தேன், இவ்வளவு கேள்வி கேக்கறீங்களேப்பா” என்று சிரித்தார். கொடுத்து அனுப்பினேன். அவருக்கு அது அவசரம் என்றே கடைசிவரை தோன்றவில்லை.

விசாரணை என்பதைச் சிலர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். “பத்து வருஷமா சாப்பிடறேன், எனக்குத் தெரியாதா” என்பார்கள். பத்து வருடமாகச் சாப்பிடுவதை நான் சந்தேகிக்கவில்லை. இடையில் டோஸ் மாறியதா, டாக்டரே நிறுத்தச் சொன்னாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். மனநோய்க்கான குளோசபின் சாப்பிடுபவர் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால் பழைய டோஸை அப்படியே கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். அங்கே கருணைப்பட்டுப் பழையபடி எடுத்துக் கொடுத்தால் அதுவே ஆபத்து. மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும். அதைத் தினமும் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் அதை நான் கொடுப்பதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

இன்ஹேலர் வேறு மாதிரி. மூச்சுத் திணறலோடு நிற்பவரிடம் சட்டம் பேச முடியாது. மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்பியூட்டமால் கையில் போன பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் அப்புறம் பதிவைத் திறந்து பார்ப்பேன். வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் வாங்குகிறார் என்றாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, கடுமையான தாக்குதலுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது உலக ஆஸ்துமா வழிகாட்டுதலில் உள்ளது. அவருக்கு உண்மையில் தீர்ந்துபோயிருப்பது தினசரி எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலராக இருக்கும். அது உடனே சுகம் தராது என்பதால் அதைக் கேட்டு யாரும் ஓடி வருவதில்லை.

கொடுத்த பிறகு எழுத்து வேலை: பெயர், மருந்து, அளவு, தேதி, ஏன் அவசரம் என்ற காரணம். டாக்டருக்கும் தகவல் போக வேண்டும். ‘அவசரத்துக்குக் கொடுத்தேன்’ என்ற ஒற்றை வரியை எந்த டாக்டரும் படிப்பதில்லை. ‘நான்கு நாள் மருந்து கொடுத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை தீரும்’ என்று எழுதினால் செவ்வாய்க்குள் பதில் வருகிறது.

எனக்கு இன்னும் தீராத சங்கடம், பழக்கமாகிவிடும் என்பதால் சட்டம் இறுக்கிப் பிடிக்கும் கட்டுப்பாட்டு மருந்துகளில். பதற்றத்துக்கும் வலிப்புக்கும் தரும் குளோனாசெபாம் மாதிரியான மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். பிரிட்டனில் இந்த வகைக்கு ஐந்து நாள் அனுமதி உண்டு. எல்லா இடத்திலும் அப்படியில்லை. கேட்பவர்களில் பொய் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதற்காகத்தான் அந்த வேலி. விதி இடம் தராத போது இரவுப் பணியில் இருக்கும் டாக்டரைப் பிடிக்கப் பார்ப்பேன். கிடைக்காவிட்டால் மருந்தின் பெயர், டோஸ், எத்தனை வருடப் பழக்கம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொல்வேன். அங்கே போய், “தூக்க மாத்திரை வேணும்” என்று மட்டும் கேட்டால் வரிசையின் கடைசியில் உட்காரவைத்துவிடுவார்கள். அதனால் ‘நிறுத்தினால் வலிப்பு வர வாய்ப்பு’ என்பதைத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.