அந்த 528 கோடி

2017 செப்டம்பர் 4 அன்று மும்பையில் பிரிக்கப்பட்ட ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை ஏலக் கவர்களில் இருந்த தொகைகள் எனக்கு இன்னும் மனப்பாடம். இந்திய டிவிக்கு சோனி 11,050 கோடி. அதே டிவிக்கு ஸ்டார் 6,196.94 கோடி. இந்திய டிஜிட்டலுக்கு பேஸ்புக் 3,900, ஏர்டெல் 3,280, ஜியோ 3,075.72. வெளிநாட்டுப் பிரிவுகளையும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் முதலில் நின்ற தொகைகளைக் கூட்டினால் 15,819.51 கோடி. எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஸ்டார் தனிக் கவரில் எழுதியிருந்தது 16,347.50 கோடி. மொத்தக் கேட்பு அந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டினால் உரிமை முழுவதும் அவருக்கே என்பது விதி. இந்திய டிவியிலும் முதலிடம் இல்லை, இந்திய டிஜிட்டலிலும் முதலிடம் இல்லை. ஆனால் ஐந்து வருட உரிமை ஸ்டாருக்குப் போனது. இடைவெளி 527.99 கோடி.

உரிமைக்கு விலை கணிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுவோம். அப்படி ஒருமுறை காட்டியபோது ஒரு பெண் கேட்டார்: "சார், அப்போ அந்த 528 கோடி வீண்தானே?"

"வீண் இல்லைம்மா. மூடின கவர்ல அது இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி."

"1,500 கோடி அதிகமா எழுதி ஜெயிச்சிருந்தாலும் இதே பதில்தான் சொல்வீங்களா சார்?"

அதற்கு நான் சொன்னது, "அது வேற கணக்கு" என்பது மட்டும். அந்த வேறு கணக்கு என்ன என்பதைத்தான் அதன்பிறகு மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் பதிலில் எனக்கு இன்றும் உறுதி இருக்கிறது. சோனி இன்னும் 528 கோடி கூட்டி 11,578 என்று எழுதியிருந்தால் ஸ்டாருக்கு இந்தியாவில் ஒன்றுமே கிடைத்திருக்காது. சோனி அதே 11,050-இல் நின்று, பேஸ்புக் 4,428 எழுதியிருந்தாலும் அதே கதிதான். 2008 முதல் பத்து சீசன் ஐ.பி.எல்.லைக் காட்டிய சோனிக்கு அதன் விளம்பர வருமானம் உள்ளங்கை நெல்லிக்கனி. அவர்கள் எவ்வளவு வரை போவார்கள் என்று ஓரளவு கணித்துவிடலாம். பேஸ்புக்கை எதை வைத்துக் கணிப்பது? கிரிக்கெட் உரிமை வாங்கிய வரலாறே அன்றைக்கு அவர்களுக்கு இல்லை. அவர்கள் வராமல் போயிருந்தால் ஏர்டெல்லின் 3,280-தான் டிஜிட்டலின் உச்சம், கூட்டுத்தொகை 15,199.51 ஆகியிருக்கும், ஸ்டாரின் உபரி 528 அல்ல, 1,148 கோடி. ஆக, அந்த உபரி ஸ்டாரின் துல்லியத்தை மட்டும் காட்டுகிற எண் அல்ல. ஸ்டார் ஒரு ரூபாய்கூட மாற்றாமல், அடுத்தவர் வந்தாரா வரவில்லையா என்பதை மட்டும் பொறுத்து அது இரண்டு மடங்காகியிருக்கலாம். இதைச் சொல்லாமல் 528-ஐ மட்டும் பலகையில் எழுதினால் பாடம் பாதிதான்.

அந்தக் கவர்களில் பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. மொத்தமாக வெல்ல நினைப்பவர் தனிப் பிரிவுகளில் பெரிய தொகை எழுதக்கூடாது. எழுதினால், தான் தாண்டவேண்டிய கூட்டுத்தொகையைத் தானே உயர்த்துகிறார். டிவிக்கு ஸ்டார் 12,000 எழுதியிருந்தால் கூட்டுத்தொகை 16,769.51 ஆகி, அவர்களுடைய மொத்தக் கேட்பே தோற்றிருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் 6,196.94 என்ற அந்தச் சின்ன எண்தான் அன்றைய கவர்களிலேயே அழகானது. 528-ஐப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தப் பெண்ணின் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. பிரீமியத்துக்கு எல்லை எது?

எல்லை எதிராளியின் கவரில் இல்லை, நாம் போடும் வருமானக் கணக்கில், அதாவது நம்முடைய ஷீட்டில் இருக்கிறது என்பதுதான் தொழிலில் சொல்லப்படும் விடை. ஒரு டி20 ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். விளம்பரம் போட இன்னிங்ஸுக்கு 19 ஓவர் இடைவெளி, இரண்டு இன்னிங்ஸுக்கு 38. விக்கெட் விழும்போது கிடைப்பது தனி. இரண்டரை நிமிட ஸ்ட்ரேடஜிக் டைம் அவுட் நான்கு, அதாவது 600 வினாடி. எல்லாம் சேர்த்து 2,400 வினாடி விற்கலாம் என்று வைத்தால் பத்து செகண்ட் ஸ்லாட் 240. 2022 ஏலத்தில் டிவி உரிமை ஆட்டத்துக்கு 57.5 கோடிக்குப் போனது. அதை 240-ஆல் வகுத்தால் ஸ்லாட்டுக்கு ஏறக்குறைய 24 லட்சம். தயாரிப்புச் செலவு, ஏஜென்சி கமிஷன் எதுவும் இதில் இல்லை. சந்தாவிலிருந்து எவ்வளவு வரும் என்பது ஷீட்டின் அடுத்த வரி. அங்கே சேனலின் விலை நம் கையில் இல்லை. தொகுப்பில் சேர்க்கும் சேனலுக்கு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த உச்சவரம்பு 19 ரூபாய். அதை 12 ஆக்கும் முயற்சி நடந்து, 2022 நவம்பரில் மறுபடி 19-க்கே வந்தது. ஜூனில் ஏலம் கேட்டவருக்கு அந்த நவம்பர் எப்படித் தெரிந்திருக்கும்?

ஷீட்டில் தப்பு வரும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான். எல்லா ஆட்டமும் 40 ஓவர் ஓடும் என்று எடுத்துக்கொள்வது முதல் தப்பு. ஓர் அணி 15 ஓவரில் சுருண்டு, எதிரணி 11 ஓவரில் அடித்து முடித்தால், விற்றுவைத்த ஸ்லாட்டுகள் அந்தரத்தில் நிற்கும். விளம்பரதாரருக்கு வேறு ஆட்டத்தில் இடம் கொடுத்து ஈடுகட்டவேண்டும். அந்த ஆட்டத்தில் புதிதாக விற்க இடம் குறையும். அடுத்தது, ஏலப் பத்திரத்தில் உள்ள ஆட்ட எண்ணிக்கையை அப்படியே நம்புவது. 2023-27-க்கு 74, 74, 84, 84, 94, மொத்தம் 410 என்றுதான் 2022-இல் கேட்டார்கள். 2025 சீசனில் நடந்தது 74. மொத்தத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே, ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். மூன்றாவது, விளம்பரம் தரும் துறை ஐந்து வருடமும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை. பணம் வைத்து ஆடும் செயலிகளை 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்; கிரிக்கெட் விளம்பரத்தில் பெரிய வருமானம் ஒன்று அத்தோடு அழிந்தது.

ஆகவே நம் ஷீட்டில் எல்லை இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த எல்லையே பத்துப் பதினைந்து ஊகங்களின் மேல் நிற்கிறது. அப்படியிருக்க 528-ஐ நியாயம் என்றும் 1,500-ஐ வீண் என்றும் எந்தத் தைரியத்தில் பிரிப்பது?

மின்-ஏலம் இந்தக் கேள்வியைத் தீர்த்துவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். 2018 ஏப்ரலில் இந்திய அணியின் உள்நாட்டு ஆட்டங்களுக்கு கிரிக்கெட் வாரியம் அந்த முறையைக் கொண்டுவந்தது. யார் கேட்கிறார் என்பது தெரியாது, உச்சத் தொகை மட்டும் திரையில் தெரியும். முதல் நாள் முடிவில் 4,442 கோடி. இரண்டாம் நாள் 6,032.5. மூன்றாம் நாள் 6,138.1 கோடிக்கு ஸ்டாருக்கு முடிந்தது. 102 ஆட்டம், ஆட்டத்துக்கு 60 கோடி சொச்சம். இங்கே உபரி என்பதே கிடையாது. இரண்டாமவர் நின்ற இடத்துக்கு மேல் ஒரு படி ஏறினால் போதும்.

ஆனால் படி ஏறும்போது வேறொன்று நடக்கிறது. கவரில் ஒரே ஒரு முறை எழுதுகிறோம்; எழுதும் முன் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். திரையின் முன்னால் ஒவ்வொரு படியும் மிகச் சிறியது. இவ்வளவு வந்துவிட்டு இதற்காகவா விடுவது என்ற பேச்சு எழும். எதிரே ஒருவர் இன்னும் கேட்கிறார் என்பதே நம் ஷீட் குறைத்துப் போட்டிருக்கிறது என்பதற்குச் சாட்சிபோல ஆகிவிடும். முதல் நாள் முடிவிலிருந்து கடைசித் தொகை வரை 1,696 கோடி ஏறியது. அதில் எவ்வளவு கணக்கு, எவ்வளவு வேகம் என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. கவர் முறையில் அந்த வீண் கண்ணுக்குத் தெரிகிறது. மின்-ஏலத்தில் அது இருவர் தொகைக்குள்ளும் ஒளிந்துகொள்கிறது. அந்தப் பெண்ணிடம் அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் சரியான பதிலாக இருந்திருக்குமா? பாதிதான் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் 2022 வந்தது. மொத்தக் கேட்பு கிடையாது, டிவியும் டிஜிட்டலும் தனித்தனி. டிவி 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டாரிடமே நின்றது. டிஜிட்டல் 20,500 கோடிக்கு, ஆட்டத்துக்கு 50 கோடி என்று, ரிலையன்ஸின் வயாகாம்18-க்குப் போனது. 2023 சீசனை அவர்கள் ஜியோசினிமாவில் காசில்லாமல் காட்டினார்கள். இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் பார்த்தார்கள். டிஸ்னி ஸ்டாரின் செயலியான ஹாட்ஸ்டாரின் சந்தாதாரர் எண்ணிக்கை 2022 அக்டோபரில் 6.13 கோடி, அடுத்த ஜூலையில் 4.04 கோடி. தனியாகப் பிரித்து விற்ற இரண்டு பொருளும் தனித்தனியே இருக்கவில்லை. ஒன்றை வாங்கியவர் என்ன விலைக்குக் காட்டுகிறார் என்பது மற்றதன் விலையை மாற்றிவிட்டது. இந்தக் கண்ணோடு திரும்பிப் பார்த்தால், 2017-இல் எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்துக்கொள்ளக் கொடுத்த 528 கோடி மலிவு. அன்றைக்கு யாரும் அதற்காகக் கொடுத்ததாகச் சொல்லவில்லை. நானும் வகுப்பில் சொல்லவில்லை. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவுக்கு நியாயம் தேடுவதை என்னிடம் படிக்கிறவர்கள் செய்தால் திருத்துவேன். இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் அதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை.

2024 நவம்பரில் டிஸ்னி ஸ்டாரும் வயாகாம்18-உம் ஜியோஸ்டார் என்று ஒன்றாகின. 2027 சீசனோடு ஐ.பி.எல். உரிமை முடிகிறது. அடுத்த சுற்றில் எதிரே நிற்கும் அளவுக்குப் பணமும் தளமும் உள்ளவர்கள் இல்லாவிட்டால் கவர், திரை என்ற விவாதமே எழாது. இரண்டாமவர் இல்லாத ஏலத்தில் வாரியம் வைக்கும் அடிப்படை விலையே கடைசி விலை. 2022-இல் டிவிக்கு அது ஆட்டத்துக்கு 49 கோடி, டிஜிட்டலுக்கு 33 கோடி, டிவி 8.5 ஏறியது, டிஜிட்டல் 17 ஏறியது, இரண்டும் எதிரே ஆள் இருந்ததால். இனி விலை கணிக்கும் வேலை வாங்குபவரின் மேசையிலிருந்து விற்பவரின் மேசைக்கு நகர்கிறது. வாரியம் 57.5-ஐ அடிப்படையாக வைத்தால் கேட்க யாரும் வராத ஆபத்து, 40 வைத்தால் 40-க்கே கொடுத்துவிடும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதற்கு, ஸ்லாட் விலையைக் கீழிருந்து கூட்டிக்கொண்டு போவதைத் தவிர வேறு முறை என்னிடம் இல்லை.