ஏசிக்கு கேஸ் போடும் முன் கண்டென்ஸரைப் பாருங்கள்

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் ஓடும் காரில் ஏசி குளிரவில்லை என்றால், "கேஸ் கம்மி, போட்டுடலாம்" என்பதுதான் முதலில் வரும் பதில். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. ஹோஸ், ஓ-ரிங் வழியாக வருடத்துக்குக் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் கூலிங் போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இந்தக் கரையில் முதல் சந்தேகம், கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸர் மேல்தான். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பதால் உப்புக்காற்றை முதலில் வாங்குவது அது. கிரில் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். அதிலுள்ள மெல்லிய தகடுதான் ஃபின். நல்ல ஃபின் மினுமினுக்கும். உப்பு தின்றது வெளுத்துப் பூத்து, நகம் பட்டாலே பொடியாக உதிரும். ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் மணல் அப்பியிருந்தால் லீக் அங்கேதான். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் வெளியே வருகிறது. சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கேஸ் முழுக்கப் போயிருந்தால் நைட்ரஜன் ஏற்றித்தான் சோதிக்க வேண்டும்.

வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவது வீண். ஓர் இடத்தில் அரித்தது பக்கத்திலும் அரித்திருக்கும். கண்டென்ஸரை மாற்றும்போது, ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் ஓ-ரிங்குகளும் புதிதாக வர வேண்டும். பழைய கண்டென்ஸரில் தங்கிய அளவு ஆயிலையும் ஈடுகட்ட வேண்டும்.

கேஸ் ஏற்றும் முன் உள்ளேயிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் வேக்யூம். அது அரை மணி நேரமாவது ஓடட்டும். பம்ப்பை நிறுத்திய பிறகு பதினைந்து நிமிடம் கேஜ் முள் அசையக் கூடாது. இங்குள்ள ஈரக் காற்றில் இதைச் சுருக்கினால், உள்ளே தங்கும் ஈரம், கேஸ் குறுகிய துளை வழியே விரிந்து குளிரும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும். கொஞ்ச நேரம் குளிரும், நிற்கும், அணைத்துப் போட்டால் மறுபடி குளிரும்.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். வண்டி நிற்கும்போது கேஜ் பார்த்து அளவு சொல்கிறவரை நம்பாதீர்கள். 30 டிகிரியில் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும் வரை பாதி காலியான சிஸ்டமும் அதையேதான் காட்டும். சரியான கிராம் பானெட் ஸ்டிக்கரில் இருக்கும். சின்னக் கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500. கூடுதலாக அடைத்தாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸரும் திணறும்.

ஓடும்போது குளிர்ந்து, ரயில்வே கேட்டில் நின்றதும் வெக்கை அடித்தால் கேஸைத் தொடாதீர்கள். கண்டென்ஸர் ஃபேன் கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் பச்சை பூத்திருக்கும். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர். கால்மிதியில் தண்ணீர் தேங்கினால் டிரெயின் ஹோஸில் மணல் அடைப்பு, ஊதிவிட்டால் போதும்.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போய் வந்த அன்றே கண்டென்ஸரைக் கழுவிவிடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின் மடங்கும். தோட்டத்து ஹோஸ் போதும். ஆனால் நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் கடல் தண்ணீருக்குத் தம்பி. வாயில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு வண்டிக்குப் பிடியுங்கள்.