கண்மாய்க்கு ஜியோடேக் இல்லை

2021 ஜூனில் கல்லூரி முதல்வர் தன் அறைக்குக் கூப்பிட்டு, "தமிழம்மா, இந்தத் தடவை ஐ.க்யூ.ஏ.சி.யை நீங்கதான் பாக்கணும்" என்றார். ஐ.க்யூ.ஏ.சி. என்றால் கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு; கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) என்ற தேசிய அமைப்புக்கு வேண்டியதைத் தயார் செய்வது அதன் வேலை. அதுவரை அதைப் பார்த்துவந்த ஆங்கிலத் துறைக்காரர் மருத்துவ விடுப்பில் போயிருந்தார். புத்திசாலி.

எங்களுடையது அரசு உதவி பெறும் கலைக் கல்லூரி. சம்பளம் மாநில அரசு தருகிறது. மத்திய அரசின் ரூசா போன்ற உயர்கல்வித் திட்டங்களில் கட்டடத்துக்கும் ஆய்வகத்துக்கும் பணம் கேட்டுப் போனால், அப்போது முதல் கேள்வியே நாக் கிரேடு என்ன என்பதாகத்தான் இருந்தது. தன்னாட்சி கேட்பதென்றால் 'ஏ' வேண்டியிருந்தது, அதாவது 4-க்குக் குறைந்தது 3.01. எங்கள் பழைய சான்றுக்கு ஐந்து வருடக் கெடு முடியப் போகிற நேரம் அது.

மூத்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள்: சுவருக்கு வெள்ளையடித்து, வருகிற குழுவை நன்றாகக் கவனித்து அனுப்பினால் போதுமாம். அது பழைய கதை. 2017-இல் முறையை மாற்றிவிட்டார்கள். ஏறக்குறைய 70 விழுக்காடு மதிப்பெண் நாம் இணையத்தில் ஏற்றும் புள்ளிவிவரத்துக்கு. அதைச் சரிபார்த்தவர்கள் யாரென்றே நமக்குத் தெரியாது. டி.வி.வி. (தரவுச் சரிபார்ப்பு) என்ற பெயரில் கேள்விகள் மட்டும் வந்தன.

எஸ்.எஸ்.ஆர். என்ற சுய ஆய்வு அறிக்கையை ஏற்றிய பிறகு அப்படி வந்த ஒரு கேள்வியை மறக்கவே முடியாது. 2018-இல் எங்கள் நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் பக்கத்து ஊரில் ஏழு நாள் தங்கி, கண்மாய்க் கரையில் இருந்த சீமைக் கருவேலத்தை வெட்டினார்கள். கையெல்லாம் முள் கிழித்துக்கொண்டு வந்தவர்களுக்கு நானே மஞ்சள் வைத்துவிட்டிருக்கிறேன். கேள்வி இதுதான்: தேதியோடு ஜியோடேக் செய்த, அதாவது எடுத்த இடம் பதிவான, புகைப்படம் எங்கே? அன்றைக்கு அந்த வார்த்தையை யார் கேள்விப்பட்டது? எடுத்த நாலு படமும் வாட்ஸ்அப்போடு போய்விட்டன.

இளைய ஆசிரியர் ஒருவர், "இப்ப நாலு பசங்களைக் கூட்டிட்டுப் போய் எடுத்துட்டு, தேதியை மட்டும் மாத்திக்கலாம் மேடம்" என்றார். நான் ஒரு நிமிடம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் திட்ட அலுவலரின் அலமாரியைக் குடைந்தோம். முகாமுக்கு அரிசி, பருப்பு வாங்கிய மளிகைக்கடை பில், ஊராட்சித் தலைவர் கொடுத்த கடிதம், மங்கிப்போன ஒரு செய்தித்தாள் துணுக்கு. மூன்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினோம். பாதி மதிப்பெண் தேறியது. கண்மாயில் இப்போது தண்ணீர் நிற்கிறது. அதற்குப் படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை.

மாணவர் கருத்துக் கணிப்பு வேறு வகை. 21 கேள்விகள் பிள்ளைகளின் மின்னஞ்சலுக்கு நேராகப் போயின. நாலு நாளாகியும் ஒருவரும் பதில் போடவில்லை. விசாரித்தால், சேர்க்கையின்போது விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர் பாதிப் பேருக்குத் தன் மின்னஞ்சலையே போட்டிருக்கிறார். அவருக்கு ஃபோன் செய்தேன். "மேடம், எனக்கு உங்க காலேஜ் பத்தி முன்னூறு மெயில் வந்திருக்கு, நானே நல்லதா அடிச்சு விட்டுடவா?" என்றார். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன்.

ஆனால் எனக்கு உண்மையில் வயிறெரிந்தது ஆசிரியர் கணக்கில்தான். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதற்கு மதிப்பெண் இருந்தது. எங்களுக்கு அரசு அனுமதித்த 42-இல் ஏழு காலி. நிரப்ப அனுமதி கேட்டு அனுப்பிய கடிதங்களே ஒரு ஃபைல் இருக்கிறது. அனுமதி தராததும் அரசு, காலியாக இருக்கிறதே என்று மதிப்பெண்ணைக் குறைப்பதும் அரசு வைத்த அமைப்பு. இதை விளக்கி எழுத ஒரு பெட்டிகூட அந்தப் படிவத்தில் இருக்கவில்லை. சதவீதம் மட்டும் கேட்டது.

நேரில் பார்த்து மதிப்பிடும் குழுவான பியர் டீம் 2022 செப்டம்பரில் வந்தது. மூன்று பேர், இரண்டு நாள். விடுதியில் ஒரு உறுப்பினர், முதலாண்டுப் பையன் ஒருவனிடம், "ஏதாவது கஷ்டம் என்றால் யாரிடம் போவாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஐந்து இரவு உட்கார்ந்து தயாரித்த வழிகாட்டி ஆசிரியர் பட்டியல் என் கையிலேயே இருக்கிறது. அவன் வாசலில் நின்ற வாட்ச்மேன் தாத்தாவைக் காட்டினான். உறுப்பினர் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். இன்றுவரை அது கூட்டலா கழித்தலா என்று எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்து இணையத்தில் முடிவு வந்தது: 2.91, பி பிளஸ் பிளஸ். 'ஏ'வுக்கு 0.10 புள்ளிதான் குறைச்சல். முதல்வர் லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆண்டறிக்கை ஏற்ற வேண்டிய தேதியையும் சேர்த்தே சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் கணிதத் துறையில் ஒருவர் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவை ஜியோடேக் போட்டு எடுத்தோம். காலியிடம் எட்டு ஆனது.