செத்தவீடு 7

விசுவமடுப் பக்கம் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு திரிந்த காலத்தில், தொழில் பழக்கிய அண்ணை எனக்குச் சொன்னது ஒன்றுதான்: பாட்டின் முதல் சொல்லை நம்பாதே, முழுக்கக் கேட்டுவிட்டுப் போடு. பத்தொன்பது வயதில் ஆர் முழுக்கக் கேட்கிறது?

சண்டை முடிந்து நாலைந்து வருசம். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டின வீடொன்றில் குடிபுகுதல். ஐயர் வரப் பிந்தியது. பென்ட்ரைவில் ‘வீடு’ என்று தொடங்கும் பாட்டொன்று கண்ணில் பட, பொருத்தமாய் இருக்கும் என்று அமத்திவிட்டேன். ‘வீடு வரை உறவு’ வயல் தாண்டிக் கேட்டது. அடுப்படியில் இருந்து சிரிப்பும் ஏச்சும் சேர்ந்து வந்தன. அண்ணை ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

“திருவாசகம் போடடா” என்றார். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. திருப்பொற்சுண்ணத்தைப் படித்துப் பாருங்கள்: முத்துமாலை தூக்குங்கள், முளைக்குடம் வையுங்கள், தூபதீபம் ஏற்றுங்கள் என்றுதான் தொடங்கும். இறைவன் நீராடப் பெண்கள் வாசனைப்பொடி இடிக்கிற கொண்டாட்டப் பாட்டு. சொல்லை மட்டும் பார்த்தால் குடிபுகுதலுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அதைச் செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போதுதான் பாடுவார்கள். போட்டிருந்தால் அயலட்டைச் சனம் “ஆர் மோசம்?” என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கும். அந்தளவு புத்தி எனக்கும் இருந்தது. சிவபுராணம் போட்டேன்.

பின்னேரம் பெட்டிகளைக் கழற்றும்போது வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். பிழைபொறுக்கச் சொன்னேன்.

“பாட்டில பிழையில்லைத் தம்பி. என்னைக் காடு வரைக்கும் கொண்டுபோக வேண்டியவன் வேற காட்டுக்குள்ள போயிட்டான். அதுதான்.”

எனக்கு விளங்கவில்லை. வன்னியில் பிறந்தவனுக்குக் காடு என்றால் பாலைப்பழம், தேன், விறகு. லான்ட்மாஸ்டரில் திரும்பும்போது அண்ணையிடம் கேட்டேன். ‘காடு வரை பிள்ளை’ என்று அந்தப் பாட்டில் வருகிற காடு சுடுகாடு என்றார். பெண்கள் வீதியோடு நின்றுவிடுவார்கள், பிள்ளை கொள்ளி வைக்கக் காடு வரை போவான். அந்தப் பாட்டு 1962இல் ‘பாதகாணிக்கை’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதினது, மூலம் பட்டினத்தார். செல்வம் வீட்டோடு, மனைவி வீதியோடு, மைந்தர் சுடுகாட்டோடு, கடைசிவரை கூட வருவது செய்த புண்ணியமும் பாவமும் என்று பட்டினத்தார் கணக்கை முடித்துவிடுகிறார். கண்ணதாசன் அந்த விடையை எடுத்துவிட்டு ‘கடைசி வரை யாரோ’ என்று விட்டுவிட்டார்.

பட்டினத்தாரைவிட அது பெரிய பாட்டு என்று இன்றைக்கும் வாதாடுவேன். விடை இருந்திருந்தால் அந்த அம்மா கேட்டுவிட்டுத் தலையாட்டியிருப்பார். ‘யாரோ’ என்றதால்தான் அவருக்கு அது குத்தியது. மகன் போன காடு எது, இருக்கிறானா இல்லையா என்று அவருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் அந்த ஒரு சொல்லில் இரண்டு காட்டையும் கேட்டிருக்கிறார். அண்ணை சொல்லும்வரை எனக்கு ஒரு காடுதான் தெரியும்.

இப்போது செற் என்னுடையது, பெட்டி தூக்க இரண்டு பொடியள் நிற்கிறார்கள். அந்தப் பாட்டின் பெயரை ‘செத்தவீடு 7’ என்று மாற்றி வைத்திருக்கிறேன், அவங்களும் ‘வீடு’ என்பதை நம்பி அமத்தாமல் இருக்க. அந்த அம்மாவின் ஒழுங்கையில் செத்தவீடு என்றால் மட்டும் நானே போய் நிற்பேன். ஆறு முடிந்ததும் எட்டைப் போடுவேன்.