உப்புத் தண்ணீரில் பச்சைப்பயறு: 15 டப்பாவும் ஓர் அட்டவணையும்

2004 டிசம்பர் 26-இல் கடல்நீர் புகுந்த வயல்களைப் பற்றிக் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் கேட்டிருப்பார்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்தவர்கள் நெல் அறுத்த தரிசில் பயறு தெளிப்பதையும் பார்த்திருப்பார்கள். பயறு எவ்வளவு உப்பு வரை தாங்கும் என்ற கேள்வி அவர்களுக்குச் சொந்தமானது. பயறை உப்புக்கரைசல்களில் முளைகட்டிப் பார்க்கும் இந்தப் பரிசோதனையை ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை எங்கும் செய்யலாம். முளைகட்டுவது சுலபம். எண்களை எழுதும் இடத்தில்தான் சறுக்கும்.

மளிகைக்கடைத் தராசில் 1 கிராம், 2 கிராம் நிறுக்க முயல வேண்டாம், பிழை அதிகம். 20 கிராம் தூள் உப்பை 800 மில்லி தண்ணீரில் கரைத்து, பிறகு 1 லிட்டருக்கு நிரப்புங்கள். இது 2 சதவீதம். இதில் 100 மில்லியுடன் 100 மில்லி தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம். அதையே பாதி பாதியாக்கினால் 0.5, 0.25. வெறும் தண்ணீரையும் சேர்த்து ஐந்து கரைசல்கள். கடற்கரை ஊர்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கலாம், அதனால் கேன் தண்ணீரோ மழைநீரோ எடுங்கள். ஆர்.ஓ. பழுதுபார்ப்பவர் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு கரைசலுக்கும் மூடியுள்ள மூன்று டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மடிப்பு டிஷ்யூ பேப்பர், 5 மில்லி கரைசல், உடையாத 20 பயறு. மொத்தம் 300 பயறுதான், 50 கிராம் வாங்கினால் மிஞ்சும். டப்பாவின் மேல் செறிவை எழுதாமல் எழுத்துக் குறியீடு மட்டும் போடுங்கள். எது உப்பு என்று தெரிந்தால் எண்ணுகிற கண் அந்தப் பக்கம் சாயும்.

செவ்வாய்க்கிழமை தொடங்கினால் 24, 48, 72 மணி எண்ணிக்கை வெள்ளிக்குள் முடியும். முளைவேர் 2 மில்லிமீட்டர் வெளியே வந்தால்தான் முளைத்தது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு குழு தோல் வெடித்ததையும் எண்ணும், இன்னொன்று எண்ணாது.

நம் வெயிலில் டப்பா காய்வதுதான் பெரிய தொல்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும்; 0.5 சதவீதம் சத்தமில்லாமல் 1-ஐ நோக்கிப் போகும். அதனால் முதல் நாளே டப்பாவை ஆய்வகத் தராசில் நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமுக்கும் 1 மில்லி வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புக்கரைசல் அல்ல. பூஞ்சை வந்த விதையைத் தூக்கி எறிவதும் தவறு. எறிந்தால் 20 என்பது 19 ஆகிவிடும். குறிப்புப் பத்தியில் எழுதி வையுங்கள்.

அட்டவணையைப் பரிசோதனைக்கு முன்பே வரையச் சொல்லுங்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு வரிசை: குறியீடு, மணி, முளைத்தவை, குறிப்பு. வேர் நீளத்துக்குத் தனி அட்டவணை, விதைக்கு ஒரு வரிசை. வளைந்த வேரின் மேல் நூலை வைத்து, பிறகு நூலை ஸ்கேலில் அளக்கலாம். கட்டத்துக்குள் "3 செ.மீ." என்று அடித்தால் எக்செல் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், சராசரியில் சேர்க்காது. அலகைத் தலைப்பில் போடுங்கள். முளைக்காத விதையின் கட்டம் காலியாக இருந்தால் சராசரி அதை விட்டுவிடும், 0 போட்டால் சேர்த்துக்கொள்ளும். முளைத்தவற்றின் வளர்ச்சியைக் கேட்கிறோமா, விதைத்த எல்லாவற்றையுமா என்பதைப் பொறுத்து எது சரி என்பது மாறும். இந்த ஒரு விவாதத்துக்கு ஒரு பாடவேளை முழுவதும் கொடுத்தாலும் தகும்.

வரைபடத்தில் லைன் சார்ட் எடுக்காதீர்கள். அது 0.25-க்கும் 0.5-க்கும் உள்ள தூரத்தையே 1-க்கும் 2-க்கும் இடையிலும் போட்டுவிடும். ஸ்கேட்டர் எடுத்து, சராசரியோடு மூன்று டப்பாக்களின் புள்ளிகளையும் காட்டுங்கள். ஒரே டப்பாவில் உள்ள 20 விதைகள் ஒரே ஈரத்தையும் ஒரே வெப்பத்தையும் பகிர்பவை. ஆகவே நம்மிடம் இருப்பது செறிவுக்கு மூன்று மாதிரிகள், அறுபது அல்ல. முளைத்த எண்ணிக்கை அதிகம் குறையாத செறிவிலும் வேர் குட்டையாகலாம் என்பதால் இரண்டையும் அளப்பது அவசியம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இன்னொரு படி உண்டு. உப்பு தண்ணீரை விதைக்குள் போகவிடாமல் தடுக்கிறதா, சோடியமே நஞ்சாகிறதா? 0.5 சதவீத உப்பின் சவ்வூடு அழுத்தத்துக்கு (தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் வலிமைக்கு) நிகராக, ஆனால் சோடியம் இல்லாமல், லிட்டருக்கு ஏறக்குறைய 55 முதல் 60 கிராம் சர்க்கரைக் கரைசலில் மூன்று டப்பாக்கள் வைத்து ஒப்பிடலாம். சர்க்கரையில் பூஞ்சை சீக்கிரம் வரும் என்பதால் 48 மணி எண்ணிக்கையை நம்புங்கள். 72 மணிக்கும் முளைக்காத உப்பு விதைகளைக் கழுவி வெறும் தண்ணீருக்கு மாற்றி இரண்டு நாள் பாருங்கள். முளைத்தால் உப்பு அவற்றை நிறுத்தி வைத்திருந்தது. முளைக்காவிட்டால் பெரும்பாலும் செத்திருக்கும்.

கடைசியில் தேவனாம்பட்டினத்துக் கடல்நீர். ஏறக்குறைய 3.5 சதவீதம் உப்பு இருப்பதால், ஒரு பங்குக்கு ஆறு பங்கு நல்ல தண்ணீர் கலந்தால் 0.5 சதவீதம். மலிவான டிடிஎஸ் மீட்டர் லிட்டருக்கு 9,990 மில்லிகிராமுக்கு மேல் காட்டாது. கடல்நீரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்துதான் அளக்க வேண்டும். கெடிலம் முகத்துவாரத்து நீரை எடுப்பதானால் நேரத்தையும் ஓதமா வற்றா என்பதையும் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள், ஒரே இடத்து உப்பு காலையும் மாலையும் ஒன்றாக இருக்காது.