செட்டிநாட்டு வீட்ட ரிப்பேர் பண்ணக் கிளம்புறவங்களுக்கு

தரைக்குப் போடுற ஆத்தங்குடி கல்லு என்ன விலை, சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு சேத்து செவுத்துல பூசுற முட்டைப்பூச்சுக்கு ஆளு கிடைக்குமான்னுதான் எல்லாரும் மொதல்ல கேக்குறாங்க. அதெல்லாம் காசு இருந்தா நடந்துரும்ங்க. பங்காளி கையெழுத்து வாங்குறதுதான் உசுர எடுக்கும். எங்க வீட்டுப் பத்திரம் இன்னும் ஐயா பேர்லதான் கிடக்கு, பங்குக்காரங்க பாதிப் பேரு சென்னை, மீதி மலேசியா.

வில்லங்கச் சான்று, வாரிசு சான்று எல்லாம் அலைஞ்சா வந்துரும். 2014லயே யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊருங்க இருக்கு சார்னு ஒரு ஆபீஸ்ல பெருமையா எடுத்து விட்டேன், அவரு நிமிந்துகூட பாக்காம "அது இருக்கட்டும், வாரிசு சான்று எங்க"ன்னுட்டாரு.

மலேசியா ஈப்போல இருக்குற சித்தப்பா, அவருக்குப் பதிலா இங்க இன்னொருத்தர் கையெழுத்துப் போடுறதுக்கு பவர் பத்திரம் எழுதி, அங்க இந்திய ஹைகமிஷன்ல அட்டெஸ்ட் பண்ணி கூரியர்ல அனுப்பிட்டாரு. இங்க பத்திரம் எழுதுறவரு மத்தவங்க கையெழுத்தும் வரட்டும், சேத்துப் பாத்துக்கலாம்னு பீரோவுல வச்சுட்டாரு. வெளிநாட்டுல எழுதுன பவர் இந்தியா வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும்ங்கறத அந்த மனுசன் வாயே தொறக்கல! கெடு தாண்டிப் போச்சு, எண்பது வயசுல சித்தப்பா மறுபடி கோலாலம்பூருக்கு பஸ் ஏறுனாரு, இன்னும் எங்கிட்ட சரியா பேச மாட்டேங்கறாரு. கூரியர் கவரத் தூக்கிப் போட்றாதீங்க, என்னைக்கு வந்துச்சுங்கறதுக்கு அதுதான் சாட்சி.

அடுத்து தோட்டம். பின்கட்டத் தாண்டி ஃபுல்லா சீமைக்கருவேலம். டிசைன் பண்ண வந்தவங்க அத அழிச்சு, ரெண்டடி மண்ணக் கொட்டி லெவல் பண்ணி புல்தரை போடலாம்னு கலர் கலரா பிளான் குடுத்தாங்க, பாக்க அம்சமா இருந்துச்சு, பங்காளிங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எங்க ஊரு கொத்தனார் ஒருத்தர் மட்டும் அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அண்ணே, முத்தத்துத் தண்ணி எங்கிட்டுப் போகும்?"னாரு. அம்புட்டுத்தான், கூட்டம் கப்சிப். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் முத்தத்துல விழுந்து, தரைக்கடில ஓடி, தோட்டம் வழியா ஊரணிக்குப் போற மாதிரில்ல அந்தக் காலத்துல கட்டிருக்காங்க. மண்ணக் கொட்டுனா வாய் அடைஞ்சு தண்ணி வளவுக்குள்ளயே, அதான் முத்தத்தச் சுத்தி இருக்குற வீட்டுக்குள்ளயே நிக்கும். பிளானத் திருப்பி அனுப்பிட்டோம், மொதல்ல வாய்க்காலத் தோண்டி சரிவு பாத்துட்டுத்தான் செடி. செவுத்தோரம் ஜேசிபி விட்றாதீங்க, ஆள் வச்சே தோண்டுங்க. கைப்பிடிச் செவுத்துல அரசங்கன்னு மொளச்சிருந்தா மேல வெட்டுனா பத்தாது, வேரோட எடுக்கலன்னா அடுத்த மழைக்குத் திரும்ப வந்துரும்.

இன்னொண்ணு, எந்தப் பங்காளி சொன்னாலும் சுண்ணாம்புச் செவுத்து மேல சிமெண்ட் பூச விடாதீங்க. எங்க ரெண்டாம் கட்டுல எப்பவோ யாரோ பூசிருக்காங்க, ஈரம் வெளிய வர வழியில்லாம உப்புப் பூத்து பாளம் பாளமா உரியுது. அதக் கொத்தி எடுக்கத்தான் எஸ்டிமேட்ல பெரிய தொகை, யாரு பங்குல சேக்குறதுன்னு இப்போ வாட்ஸப் குரூப்ல சண்டை ஓடிட்டிருக்கு.